மேலே நிற்கிற ஆள்

கண்ணாடிக்காரன் கயிற்றில் இறங்கி ஐம்பத்து மூன்று நாள் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒரு கேடும் இல்லை, கல்லுக்குண்டு மாதிரி இருந்தான். இருபத்திரண்டு மாடிக் கட்டடத்துக்கு வெளியே பலகையில் உட்கார்ந்து தொங்கிக்கொண்டே கண்ணாடி துடைக்கிற ஆள், இப்போது அதே கட்டடத்தின் வாசல் கதவில் வருகிறவன் போகிறவனெல்லாம் பதித்துவிட்டுப் போகிற கைரேகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவன் துடைத்து முடித்த கையோடு இன்னொருத்தன் வந்து உள்ளங்கையை முழுசாக வைத்துத் தள்ளுவான். பிடியைப் பிடித்துத் திறக்க வேண்டும் என்று ஒரு ஜென்மத்துக்கும் தோன்றாது.

"இப்படியே போனா எனக்குக் கைரேகை ஜோசியம் வந்துடும்" என்று வீட்டுக்கு வந்து சொன்னான்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. சூடாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை எதிரும் புதிருமாக நின்று இரண்டு பேர் மடிக்க வேண்டும். மற்றவர்கள் நாற்பது மடிப்பதற்குள் இவள் அறுபது மடித்துவிடுவாள் என்பதால் மடிப்புக்காரி என்று பேர் வந்துவிட்டது. சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. நாமும் மடிப்புக்காரி என்றே வைத்துக்கொள்வோம்.

அவன் இறங்காததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். மேலே நிற்க மச்சான் இல்லை.

இது மற்றவர்களுக்குச் சொன்னால் விளங்காது. அவர்கள் மலையில் பிறந்த ஜனம். அங்கே செங்குத்துப் பாறையில் கயிற்றைக் கட்டி இறங்கித் தேன் எடுப்பார்கள். இறங்குகிறவனுக்கு மேலே கயிற்றின் பக்கத்தில் நிற்க மனைவியோடு கூடப்பிறந்தவன்தான் வர வேண்டும். வேறு யாரையும் விடமாட்டார்கள். தன்னோடு கூடப்பிறந்தவனைக்கூட நம்பமாட்டார்கள். அவனுக்கு ஏதாவது ஒரு நேரத்தில் புத்தி மாறலாம், பங்கு நினைப்பு வரலாம். மனைவியின் அண்ணன் தம்பிக்கு அது வராது. கீழே தொங்குவது தன் கூடப்பிறந்தவளின் வாழ்க்கை என்று அவனுக்குத் தெரியும். தூக்கம் வந்தாலும் கயிற்றிலிருந்து கையை எடுக்கமாட்டான். கீழே இருப்பவன் அவ்வப்போது கயிற்றை இரண்டு தடவை சுண்டுவான். இருக்கிறாயா என்று அர்த்தம். மேலே இருப்பவன் ஒரு தடவை சுண்டுவான். இருக்கிறேன். அங்கே காற்று போடுகிற சத்தத்தில் வாயால் கூப்பிட்டால் கேட்காது.

மலையை விட்டுப் பதினொரு குடும்பம் இந்த நகரத்துக்கு வந்தபோது, கண்ணாடிக் கட்டடம் துடைக்கிற கம்பெனிக்காரர்களுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆனது. கயிற்றைக் கண்டு பயப்படாத ஆள் கிடைப்பது லேசா? கண்ணாடிக்காரன் இறங்கினான். மடிப்புக்காரியின் அண்ணன், ஆறடிக்கு மேல் இருப்பான், நெட்டை என்று பேர், மேலே நின்றான். பன்னிரண்டு வருஷம்.

"அதே வேலைதான் தங்கச்சி. தேனீதான் இல்ல. கொட்டுறதுக்கு சூப்பர்வைசர் இருக்காரு" என்பான் நெட்டை.

அப்புறம் ஒவ்வொரு குடும்பமாக வாடகை குறைவான இடம், வேலைக்குப் பக்கமான இடம் என்று திசைக்கொன்றாகப் போனது. கடைசியில் நெட்டையும் போனான். நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு பெரிய கடைவளாகத்தில் காவல் வேலை. கஞ்சி போட்ட சட்டை, தோளில் பேசுகிற கருவி, உட்கார நாற்காலி. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அவனைக் குறை சொல்ல முடியுமா? மகள் படிக்கிறாள், மனைவிக்கு மூட்டுவலி, பன்னிரண்டு வருஷம் மொட்டை மாடி வெயிலில் நின்று அவனுக்கே கண் கூசிப்போய்விட்டது. மடிப்புக்காரி குறை சொல்லவில்லை. ஆனால் வாரம் ஒரு தடவை வந்த போன் மாதம் ஒரு தடவை ஆனதை எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

சூப்பர்வைசர் வேறு ஆளை மேலே நிறுத்துகிறேன் என்றார். கண்ணாடிக்காரன் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டான்.

"யோவ், மேல வளையம் கான்கிரீட்ல பதிச்சது. யானையைக் கட்டித் தொங்கவிட்டாலும் அசையாது. போதாததுக்கு ரெண்டாவது கயிறு வேற குடுக்கறோம். மேல உன் மச்சான் நின்னா என்ன, மாமியார் நின்னா என்ன?"

"மாமியார்னா கொஞ்சம் யோசிக்கணும் சார்."

சூப்பர்வைசர் நல்ல மனுஷன்தான், சிரித்துவிட்டார். ஆனால் வாசல் கண்ணாடி துடைப்பதற்கு இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் இடம், அதற்கப்புறம் கயிற்றில் இறங்கு, இல்லையென்றால் வேறு இடம் பார் என்றும் சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் காமிராக்காரி வந்தாள். மடிப்புக்காரியின் ஒன்றுவிட்ட அண்ணன் மகள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். மலைப் பேச்சு நாலு வார்த்தை வரும், அதிலும் மூன்று திட்டுகிற வார்த்தை. கல்லூரியில் படம் எடுக்கப் படிக்கிறாள். கடைசி வருஷத்துக்கு ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். நம் ஜனத்தைப் பற்றியே எடுக்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கருவிகளோடு வந்து இறங்கினாள்.

"அத்தே, நீங்க வெங்காயம் உரிச்சுக்கிட்டே பேசுங்க. காமிராவைப் பாக்காதீங்க."

"என்னத்தடி பேசறது?"

"இங்க வந்ததுக்கப்புறம் எது இல்லாம போச்சுன்னு."

"வெங்காயம் உரிக்கறப்ப கேக்கற கேள்வியா இது? அழுதா எதுக்கு அழறேன்னு உனக்கே தெரியாது."

அந்த ஒற்றை அறையில் கட்டில், அடுப்பு, துணிக்கொடி எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தன. காமிராக்காரி சுவரோடு ஒட்டிப் பல்லி மாதிரி நின்று எடுத்தாள். கண்ணாடிக்காரன் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து, டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, நீங்க கயித்துல இறங்கறதை எடுக்கணும். அது இல்லாம படமே இல்ல."

"நான்தான் இறங்கறதில்லையே."

"நெட்டைச் சித்தப்பா வந்து மேல நின்னா?"

டீ டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றதை மடிப்புக்காரி பார்த்தாள். அவளுக்கு அந்த நிமிஷமே மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. வேலைக்கு வா என்றால் அண்ணன் வரமாட்டான். படத்துக்கு வா என்றால் வருவான், சின்ன வயசிலிருந்தே அவனுக்குத் தன் முகம் தெரிகிற எதன் மேலும் ஆசை. ஒரே ஒரு நாள் வந்து அந்தக் கயிற்றைத் தொட்டுவிட்டால் போதும். பன்னிரண்டு வருஷம் பிடித்த கை அல்லவா? வார விடுமுறையிலாவது வந்து நிற்கிறேன் என்று அவனே சொல்லிவிடுவான். அவன் சொன்னால் வேலை தப்பும். வேலையைவிட முக்கியம், அவன் மறுபடியும் வந்து போவான்.

அன்றைக்கே போன் போட்டாள்.

"படமா? நானா? முகம் தெரியுமா தங்கச்சி?"

"முகத்துக்காகத்தான் எடுக்கறாளாம். உன் மூஞ்சி மாதிரி ஊர்ல எங்கயும் கிடைக்கலையாம்."

"கிண்டலா பண்ற? சரி, புதன்கிழமை எனக்கு லீவு. மாப்ளைகிட்ட சொல்லு. நான் வரேன்னா வருவேன்."

"சாப்பாடு இங்கதான்."

"அதுக்குத்தான் வரேன், பின்ன படத்துக்கா?"

போனை வைத்துவிட்டு அவள் சத்தம் போட்டே அழுதாள். எத்தனை நாளாயிற்று அந்தக் குரலில் அந்தக் கேலியைக் கேட்டு.

புதன்கிழமை வெயில் சுள்ளென்று இருந்தது. காற்றும் விட்டு விட்டு அடித்தது. மடிப்புக்காரி அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கட்டடத்துக்கு எதிர் நடைபாதையில் காமிராக்காரியோடு நின்றாள். காமிராக்காரி மொட்டை மாடியில் ஒரு காமிராவை முக்காலியில் நிறுத்தி ஓடவிட்டுவிட்டு, இன்னொன்றோடு கீழே வந்திருந்தாள். அது வெயிலில் சூடாகாமல் இருக்க மடிப்புக்காரி குடை பிடித்தாள். தன் தலைக்குப் பிடித்துக்கொள்ளவில்லை.

கைப்பிடிச் சுவரைத் தாண்டி முதலில் ஒரு கால் தெரிந்தது. அப்புறம் பலகை, வாளி, மனுஷன். வெள்ளைக் கயிறு ஒன்று நேராக இறங்கியது. சிவப்பாக ஒரு கயிறு கூடவே வர வேண்டும், கம்பெனி கொடுக்கிற பாதுகாப்புக் கயிறு. அது வரவில்லை.

"அத்தே, ரெண்டாவது கயிறு கட்டிக்கலையே மாமா? சூப்பர்வைசர் பாத்தா கத்துவாரே."

"அவரு கீழ டீக்கடையில இருக்காரு. நீ பேசாம எடு."

அவளுக்குப் பெருமையாக இருந்தது. மச்சான் மேலே நிற்கும்போது இன்னொரு கயிறு கட்டிக்கொண்டால், உன்னை நம்பவில்லை என்று மூஞ்சியில் அடிக்கிற மாதிரி. மலையில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். அவள் புருஷனும் செய்யவில்லை. பன்னிரண்டு வருஷமும் சூப்பர்வைசர் தலை மறைந்ததும் அவன் சிவப்புக் கயிற்றைக் கழற்றிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். தப்புதான். ஒரு சொல்லுக்கு உயிரைப் பணயம் வைக்கிற தப்பு. ஆனால் அந்தத் தப்பைச் செய்யத் தெரிந்தவர்கள் இந்த நகரத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவன் நுரைத் தண்ணீரைப் பூசி, ரப்பர் பட்டையால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் வழித்து, கால் விரலால் சுவரை உந்தி அடுத்த கண்ணாடிக்குப் போனான். இரண்டு மாசம் இறங்காதவன் மாதிரியே இல்லை. பதினாலாவது மாடிக்கு வந்ததும் நின்றான். பட்டையை வாளியில் போட்டுவிட்டு ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். காற்று பலகையைக் கொஞ்சம் திருப்பியது.

"மாமா ஏன் நிக்கறாரு?"

"களைச்சுப் போயிருப்பாரு. ரெண்டு மாசமாச்சே" என்றாள் மடிப்புக்காரி.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி துடைக்கத் தொடங்கினான்.

அன்றைக்கு மூவரும் அறையில் சேர்ந்து சாப்பிட்டார்கள். நெட்டை மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டான். கடைவளாகத்தில் ஒரு அம்மா நகரும் படிக்கட்டில் ஏறப் பயந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மேலே போன பிறகும் விடாமல் செருப்புக்கடை வரைக்கும் இழுத்துப்போன கதையைச் சொன்னான். கண்ணாடிக்காரனும் சிரித்தான், ஆனால் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது நெட்டை, "இன்னொரு நாள் சாவகாசமா வரேன்" என்றான். என்றைக்கு என்று சொல்லவில்லை. மடிப்புக்காரி கேட்க வாயெடுத்தாள். புருஷன் குறுக்கே, "பஸ் போயிடப் போகுது மச்சான், கிளம்பு" என்று சொல்லிவிட்டான்.

அதற்கடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் கல்லூரி மண்டபத்தில் படம் போட்டார்கள். கண்ணாடிக்காரன் வேலை இருக்கிறது என்று வரவில்லை. நெட்டை கஞ்சி போட்ட சட்டையில், எண்ணெய் வைத்து வாரி, அரை மணி முன்னாலேயே வந்து நடுவரிசையில் தங்கைக்கும் இடம் பிடித்து வைத்திருந்தான். பதினொரு குடும்பத்துக்கும் காமிராக்காரி சொல்லியிருந்தாள். வந்தது இவர்கள் இரண்டு பேரும்தான்.

"என்னை எப்பக் காட்டுவாங்க?"

"சும்மா இரு அண்ணே. எல்லாரும் பாக்கறாங்க."

படத்தில் முதலில் மடிப்புக்காரியின் கைகள் வந்தன. விரிப்புகள் மடிந்துகொண்டே இருந்தன. வெங்காயம் வந்தது. தன் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது அவளுக்கு. அப்புறம் மொட்டை மாடி. சுவர் விளிம்பில் மடித்துப் போட்ட சாக்கு, அதன்மேல் வெள்ளைக் கயிறு, கயிற்றின்மேல் நெட்டையின் பெரிய கை. நெட்டை அவள் முழங்கையை இடித்தான். அவள் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தாள்.

திரையில் போன் அடித்தது. கை கயிற்றை விட்டுவிட்டுப் போனை எடுத்தது. சொல்லு, எப்பலேருந்து, எவ்வளவு இருக்கு என்று நெட்டையின் குரல் கேட்டது. கால்கள் நடந்தன. குரல் தூரமாகப் போய்க் கேட்காமல் ஆகிவிட்டது. சாக்கும் கயிறும் மட்டும் இருந்தன. பின்னால் வானம், தூரத்தில் வேறு கட்டடங்கள்.

கயிறு இரண்டு தடவை சுண்டியது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி இரண்டு தடவை. மறுபடி. நாலாவது தடவை அது கொஞ்சம் பலமாக இருந்தது, சாக்கு ஓரமாக நகர்ந்தது. பின்வரிசையில் ஒரு பெண், "காத்துல கயிறு ஆடறது எவ்ளோ அழகா இருக்கு பாரு" என்று கூட இருந்தவளிடம் சொன்னாள். மடிப்புக்காரி எழுந்து ஓடிப்போய் அந்தத் திரையில் இருக்கிற கயிற்றைப் பிடித்திருப்பாள், முடிந்திருந்தால். அதற்கப்புறம் கயிறு சுண்டவே இல்லை. வெகுநேரம் கழித்துக் கால்கள் திரும்பி வந்தன, கை கயிற்றின்மேல் உட்கார்ந்தது. மண்டபமே கைதட்டியது. கல்லூரி வாத்தியார் மேடையேறி, மனிதரே இல்லாத அந்த ஒன்றரை நிமிஷம்தான் இந்தப் படத்தின் உயிர் என்று பாராட்டினார். காமிராக்காரி வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

பக்கத்தில் நெட்டை கைதட்டவில்லை.

வெளியே வந்து சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். அவள்தான் முதலில் பேசினாள்.

"யாரு அண்ணே போன்ல?"

"ஸ்கூல்லேருந்து. பாப்பாவுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. உங்க அண்ணியை அனுப்பினேன். சிக்னல் கிடைக்கலன்னு தள்ளிப் போய்ப் பேசினேன்."

"அவரு ரெண்டாவது கயிறு கட்டலை."

"தெரியும்."

"நீ நிக்கறேன்னுதான் கட்டலை."

"தெரியும் தங்கச்சி. என் கண்ணு முன்னாடிதான் கழட்டி வெச்சாரு." நெட்டை சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டான். வியர்த்து ஒழுகியது. "வளையத்துல கட்டியிருந்துச்சு. நல்ல இரும்பு..."

"அண்ணே, சூப்பர்வைசர் மாதிரி பேசாத. உன் காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

ஒரு மாணவன் சைக்கிளை எடுக்க வந்தான். இருவரும் நகர்ந்து வழி விட்டார்கள்.

"வேணும்னு போகல தங்கச்சி. சத்தியமா சொல்றேன். போன் வந்துச்சு, எந்திரிச்சுப் போயிட்டேன். கையில கயிறு இருந்தது, விடக்கூடாதுங்கறது, எதுவுமே ஞாபகம் வரல. திரும்பி வந்து உக்காந்தப்பகூட வரல. இப்ப உள்ள பாத்தப்பதான்..." அவன் குரல் உடைந்தது. "பன்னெண்டு வருஷம் நின்னேன். ஒரு தடவை தும்மினதுக்குக்கூடக் கையை எடுத்ததில்ல. எப்படி மறந்துச்சுன்னே தெரியல."

வேண்டுமென்றே விட்டிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். தலைமுடியைப் பிடித்து உலுக்கியிருப்பாள், ஒரு மாசம் பேசாமல் இருந்து அப்புறம் பேசியிருப்பாள். மறந்துபோனவனிடம் என்ன சண்டை போடுவது?

"நீ அவரை விடல அண்ணே. என்னை விட்டுட்ட" என்றாள். சொன்னதும் அவளுக்கே தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஆறடி ஆள் சைக்கிள்களுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதான். அவள் அவன் தலையில் கை வைத்தாள். வேறு என்ன செய்வாள், அண்ணனாயிற்றே. பஸ் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் வந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். புருஷனிடம் இதைச் சொல்லவே கூடாது. அண்ணனை நன்றாகக் காட்டியிருக்கிறாள், கையைப் பெரிதாகக் காட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

கண்ணாடிக்காரன் வீட்டில்தான் இருந்தான். சாயங்கால வெளிச்சத்தில் வாசல்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"படம் எப்படி?"

"நல்லா இருந்துச்சு. அண்ணனை நல்லாக் காட்டியிருக்கா. கையைத்தான் ரொம்ப நேரம் காட்டறா."

"ரொம்ப நேரமா?"

"ஆமா. கடைசி வரைக்கும் கயித்துமேலதான் இருக்கு."

அவன் தலை நிமிரவில்லை. ஒரு கல்லை எடுத்துத் தெருவில் எறிந்தான்.

"அவ எனக்கு முன்னாடியே போட்டுக் காட்டினா. அந்த எடத்தை வெட்டிடும்மான்னு ரெண்டு தடவை சொன்னேன். அதுதான் மாமா நல்லா வந்திருக்குன்னு சொல்லிட்டா. மச்சான் பாக்க வேண்டாமேன்னுதான் சொன்னேன்."

மடிப்புக்காரி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பதினாலாவது மாடியில் அவன் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது, களைப்பாயிருக்கும் என்று தான் சொன்னது எல்லாம் அவளுக்கு நினைவு வந்தது.

"பயந்துட்டீங்களா?"

"மொதல்ல மச்சானுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்தேன். வெயில்ல மயங்கி விழுந்துட்டாரோன்னு. மேல ஏறி வந்து பாத்தா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அதுக்கப்புறம்தான் வேற மாதிரி பயமா இருந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஏன் இப்ப சொல்லல?"

அவன் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான்.

"சார், நாந்தான். நாளன்னிக்கு முதல் இறங்கறேன் சார். இல்ல, மச்சான் வரமாட்டாரு. யாரை வேணா மேல நிறுத்துங்க... பரவால்ல சார், யாரா இருந்தா என்ன. ரெண்டு கயிறும் கட்டிக்கறேன். சரி சார்."

வேலை தப்பிவிட்டது. அவள் வேண்டியதும் இதைத்தான். ஆனால் வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருந்தது. எழவாக இருந்தாலாவது நாலு பேரைக் கூப்பிட்டுச் சேர்ந்து அழலாம், இதற்கு யாரைக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பதினொரு குடும்பத்தில் யாருக்குப் போன் போட்டு என்னவென்று சொல்வாள்? தன்பாட்டுக்கு அழுதாள். அவன் உள்ளே போய் உலையை வைத்துவிட்டு வந்தான்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சாமா?" என்று கேட்டான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்குச் சாப்பிடறப்ப அவரே சொன்னாரே, போன் வந்துச்சுன்னு. நீ தண்ணி பிடிக்க வெளிய போயிருந்த."

"விட்டுடுச்சாம்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடுவோம். மச்சான் மனசு கஷ்டப்பட்டுக்கிட்டு இருப்பாரு." அவன் கொஞ்சம் யோசித்தான். "போறப்ப பழம் ஏதாவது வாங்கிக்கணும். வெறுங்கையோட போனா நல்லா இருக்காது."

அவள் சரி என்று தலையாட்டினாள். அண்ணன் வீடும் தன் வீடுதானே என்று அவள் இதுவரை அங்கே எதுவும் வாங்கிக்கொண்டு போனதில்லை.